இருட்டில் கைக்கு எட்டும் பை: புயல், வெள்ளக் கால ஏற்பாடுகள் – வாசகர் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வீட்டில் அவசரப் பை கட்டிவைப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய செலவில்லாமல், வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் கிடைப்பதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: தரைத்தளத்தில் நான்கு பேர் இருக்கிறோம். 2015-லும் 2023-லும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. டார்ச், மாத்திரை, துணி, பத்திரம் எல்லாவற்றையும் ஒரே சூட்கேஸில் போட்டு வைத்திருந்தோம். கரண்ட் போனதும் டார்ச்சைத் தேடவே டார்ச் வேண்டியிருந்தது. எப்படி அடுக்கினால் சரியாக வரும்?
– வாசகி, முடிச்சூர்

பதில்: சூட்கேஸை விட்டுவிடுங்கள். அதைத் திறக்கத் தரையில் கிடத்த வேண்டும். தரையில்தான் தண்ணீர் நிற்கிறது. சக்கரமும் தண்ணீருக்குள் உருளாது. சாமான்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உடம்போடு இருக்க வேண்டியவை, முதுகில் ஏற்ற வேண்டியவை, எச்சரிக்கை வந்ததுமே மாடிக்கோ பரணுக்கோ போய்விட வேண்டியவை.

உடம்போடு இருப்பவை ஒரு சின்ன இடுப்புப் பைக்குள் அடங்க வேண்டும். உள்ளங்கை அளவு டார்ச், விசில், போன், மூன்று நாள் மாத்திரை, வீட்டுச் சாவி, 50-ம் 100-ம் ஆகக் கொஞ்சம் பணம். கரண்டும் சிக்னலும் போய்விட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது, 500 ரூபாய்க்குச் சில்லறையும் கிடைக்காது. எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்து, தூங்கும்போதுகூட, இந்தப் பை தலைமாட்டில் இருக்கட்டும்.

முதுகுப் பையில், கடைசியாகத் தேவைப்படுவது அடியில் போக வேண்டும். முகாமில் விரிக்கிற போர்வையும் மாற்றுத் துணியும் அடியில். சாப்பாட்டுப் பொருள் நடுவில். மழைக்கோட்டு, பெரிய டார்ச், முதலுதவிப் பொட்டலம் மேலே. கனமான தண்ணீர் பாட்டிலை முதுகை ஒட்டினாற்போல் நடு உயரத்தில் வைத்தால் பை பின்னுக்கு இழுக்காது.

ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கவரில் போடுங்கள். நிறம் பார்த்துக் கவர் வாங்கச் சொல்வார்கள். இருட்டில் நிறம் தெரியாது, விரலுக்குத் தெரிகிற அடையாளம்தான் வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபை ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டிக்கொள்ளுங்கள். மருந்துக் கவருக்கு ஒரு வளையம், விளக்கு, பேட்டரி இருக்கும் கவருக்கு இரண்டு, பத்திரக் கவருக்கு மூன்று. பைக்குள் கையை விட்டு வளையத்தை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும். கடையில் விற்கிற மஞ்சள் ரப்பர் பேண்டு கடலோர வெக்கையில் சீக்கிரமே பிசுபிசுத்துப்போய், இழுத்தால் அறுந்துவிடும். ட்யூப் ரப்பர் வருடக்கணக்கில் தாங்கும். பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட ட்யூப் போதும். உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடியைக் கழுவி, நிழலில் காயவைத்து வெட்டுங்கள்.

எடையில் பேராசை வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு 8 கிலோ, அறுபதைத் தாண்டியவருக்கு 3 அல்லது 4 கிலோ. அதற்குமேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தால் கால் வழுக்கும்போது சமாளிக்க முடியாது. தண்ணீரில் இறங்குமுன் பையின் மார்பு, இடுப்பு பக்கிள்களைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் ஒரே உதறலில் பை உடம்பை விட்டுக் கழல வேண்டும்.

கேள்வி: காலிப் பெயிண்ட் பக்கெட்டில் சாமான் போட்டு வைத்தால் தண்ணீர் புகாது என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பக்கெட்டைப் பொறுத்தது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் நல்ல பெட்டிதான், ஆனால் தண்ணீரைத் தடுப்பது மூடியின் உள்விளிம்பில் ஓடுகிற ரப்பர் வளையம். பெயிண்டர்கள் அவசரத்தில் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறப்பதால் விளிம்பு வாய் பிளந்திருக்கும். அப்படிப்பட்ட மூடி கையால் அழுத்தும்போது மூடியதுபோல் தெரிந்தாலும் தண்ணீரை உள்ளே விடும். வாங்கும்போது விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். வளையம் விட்டுப்போயிருந்தாலோ காய்ந்த பெயிண்ட் கட்டியாக ஒட்டியிருந்தாலோ வேண்டாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. காய்ந்த செய்தித்தாளைக் கசக்கி உள்ளே போட்டு மூடுங்கள். பக்கெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடிப் பக்கம் முழுக்கத் தண்ணீரில் இருக்கும்படி ஒரு பெரிய டப்பில் அமிழ்த்தி, மேலே கல் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்த இடத்துக்கு நேராகத்தான் மூடியில் ஓட்டை இருக்கும். இறுக்கமாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். ரப்பர் நாளடைவில் ஊதித் தளர்ந்துவிடும். மூடிய பிறகு விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று அகல டேப் ஒட்டுவது கூடுதல் காப்பு.

இந்தப் பக்கெட் மிதக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். கணக்கு எளிது. 20 லிட்டர் கொள்ளளவு என்றால், பக்கெட்டும் உள்ளிருப்பதும் சேர்ந்து 20 கிலோவுக்குள் இருக்கும்வரை மூழ்காது. 10 கிலோ என்றால் பாதி அமிழ்ந்து நிற்கும், மூடி தண்ணீருக்கு மேலேயே இருக்கும். 12 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். கனமானதை அடியில் போட்டால் பக்கெட் கவிழாமல் நிமிர்ந்து மிதக்கும். இடுப்பளவு தேங்கிய தண்ணீரில் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. கைப்பிடியில் 3 மீட்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். மீனவர்கள் பயன்படுத்துகிற, தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு இதற்கு நல்லது. அமிழ்ந்து காலில் சுற்றாது. கயிற்றின் மறுமுனையை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டவே கூடாது. பக்கெட் எதிலாவது மாட்டிக்கொண்டாலோ நீரோட்டம் அதை இழுத்தாலோ கூடவே நீங்களும் போய்விடுவீர்கள். கையில் பிடித்திருங்கள், நிலைமை மோசமானால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பக்கெட் இருந்தாலும் இறங்க வேண்டாம். வேகமாக ஓடுகிற வெள்ளம் கணுக்காலுக்குச் சற்று மேல், 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்க்கும். தேங்கிய தண்ணீரிலும் ஐந்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்த்தே அடியெடுத்து வையுங்கள். மூடி இல்லாத மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கைப்பிடிக் கம்பி உள்ளங்கையை அறுக்கும். ஒரு சாண் நீளத் தோட்டத்துக் குழாயை நெடுக்கில் கீறி, கம்பியின் மேல் மாட்டி, ட்யூப் வளையத்தால் இறுக்கிவிடுங்கள். பெயிண்ட் பக்கெட்டை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணீருக்கும் பொட்டலமில்லாத உணவுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு பேர். ஆளுக்கொரு முதுகுப் பை வாங்கக் கட்டுப்படியாகாது. சாக்கில் கட்டித் தலையில் தூக்கினால் கையும் சும்மா இருப்பதில்லை. வேறு வழி இருக்கிறதா?
– வாசகி, தரங்கம்பாடி

பதில்: இருக்கிறது. 25 கிலோ அரிசி வந்த சாக்கு, 3 மீட்டர் கட்டில் நாடா, இரண்டு கூழாங்கல். இவ்வளவே போதும்.

சாக்கின் அடியில் இரண்டு மூலையிலும் உள்பக்கமிருந்து எலுமிச்சை அளவுக் கல்லைத் தள்ளுங்கள். வெளியே கல்லுக்கு மேலே, சாக்குத் துணி குறுகுகிற கழுத்தில், நாடாவின் முனையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுகக் கட்டுங்கள். ஒரு மூலைக்கு ஒரு முனை. உள்ளே கல் இருப்பதால் எவ்வளவு கனம் தொங்கினாலும் முடிச்சு உருவிக்கொள்ளாது. சாமானைப் போட்டபின் சாக்கின் வாயைக் கூட்டிப் பிடியுங்கள். நாடாவின் நடுப்பகுதியை வளைத்து, அந்த வளைவைத் தன் மேலேயே பின்னுக்கு மடக்கினால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணி கிடைக்கும். இரண்டையும் ஒன்றுசேர்த்துச் சாக்கின் வாயில் மாட்டி இழுங்கள். வாய் இறுகிக்கொள்ளும், மூலைக்குப் போகிற இரண்டு பக்க நாடாவும் தோள்பட்டியாகிவிடும். முதுகில் ஏற்றியதும் சுமையே கண்ணியை மேலும் இறுக்கும். இறக்கி வைத்ததும் எளிதாக நெகிழும்.

நாடா 3, 4 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். வெறும் நைலான் கயிறு தோளில் இறங்கி வெட்டும். அதுதான் கிடைத்தது என்றால் துண்டை நான்காக மடித்துத் தோளில் வையுங்கள். நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சாக்கின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால் நாடா நீளமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படித் தொங்குகிற சுமை நடையில் ஆடி ஆடி இடறிவிடும்.

சாக்கு தண்ணீரைத் தடுக்காது. உள்ளே கனமான பாலித்தீன் பை ஒன்றைப் போட்டு அதற்குள் சாமானை வையுங்கள். பையின் வாயைக் காற்று வெளியேறும்படி முறுக்கி, முறுக்கிய கழுத்தைப் பாதியில் மடக்கி, மடிப்பின் மேல் ட்யூப் வளையத்தை மூன்று சுற்றாகப் போடுங்கள். மடக்காமல் நேராகக் கட்டினால் முறுக்கின் இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து இறங்கும். உரச் சாக்கு வேண்டாம், அதில் மருந்துப் பொடி ஒட்டியிருக்கும். வெயிலில் கிடந்த சாக்கும் வேண்டாம். நூல் நைந்து, தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள், இழை பொடியாக உதிர்ந்தால் கழித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுப் பத்திரங்களை லேமினேட் செய்து வைக்கலாம் என்றிருக்கிறேன். 2023 டிசம்பர் மழையில் பக்கத்து வீட்டில் எல்லாம் ஊறிப்போனதைப் பார்த்த பயம்.
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: அந்த மழையில் உங்கள் ஊரில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. பயம் நியாயமானதே. ஆனாலும் மூலப் பத்திரத்தை லேமினேட் செய்ய வேண்டாம். முத்திரையையும் கையெழுத்தையும் தொட்டுச் சரிபார்க்க முடியாமல் போகும். ஓரத்தில் எங்காவது இடைவெளி விட்டு உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் உலர்த்த வழியே இருக்காது. நகல்களை மட்டும் லேமினேட் செய்யுங்கள்.

மூலத்துக்கு இரண்டு ஜிப் கவர் போதும். முதல் கவரில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதைத் தலைகீழாக இரண்டாவது கவருக்குள் போடுங்கள். முதல் கவரின் வாய் இரண்டாவது கவரின் அடிப்பக்கம் இருந்தால் தண்ணீர் வழி கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகும். பத்திரம் போடுமுன் காலிக் கவரில் டிஷ்யூ பேப்பரைப் போட்டுக் கால் மணி நேரம் வாளியில் அமிழ்த்திப் பாருங்கள். ஜிப் ஓடுகிற மூலையில்தான் பெரும்பாலும் கசியும். பத்திரக் கொத்தில் குண்டூசியோ பின்னோ இருந்தால் எடுத்துவிடுங்கள். கவரைக் குத்தும், துருவும் பிடிக்கும்.

ஒரு சீட்டில் ஒவ்வொரு பத்திரத்தின் ஆவண எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் மூன்றையும் எழுதி வேறு ஊரில் இருக்கிற உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலம் போய்விட்டாலும் இந்த விவரம் இருந்தால் சான்றளித்த நகல் வாங்கிவிடலாம். அந்தச் சீட்டைப் பென்சிலாலோ பால்பாயிண்ட் பேனாவாலோ எழுதுங்கள். ஜெல் பேனா மையும் மைப்பேனா மையும் நனைந்தால் ஓடிவிடும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் ஏற்றியிருந்தால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை.

நனைந்துவிட்ட காகிதத்தை உடனே பிரிக்காதீர்கள், கிழியும். வெயிலில் போடவோ இஸ்திரி போடவோ வேண்டாம். இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். கட்டுக்கட்டாக நனைந்திருந்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும். கரண்ட் இருக்கிற வீட்டு ஃப்ரீசரில் கவரோடு வைத்துவிட்டு, ஒவ்வொரு கொத்தாக எடுத்து உலர்த்தலாம். ஆவணக் காப்பகங்களில் கையாளும் முறைதான் இது.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்க் ஒன்று போதுமா?
– வாசகர், பேராவூரணி

பதில்: 10,000 எம்.ஏ.ஹெச். என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 6,000 அல்லது 6,500தான். மின்னழுத்தத்தை மாற்றும்போதும் கேபிளிலும் மீதி வீணாகும். 5,000 பேட்டரி உள்ள போன் ஒருமுறை முழுதாக ஏறும், கொஞ்சம் மிஞ்சும். அவ்வளவுதான். அதனால் செலவைக் குறைப்பதுதான் வழி. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் திறங்கள். எந்த நேரத்தில் என்று உறவினர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிக்னல் மெலிந்திருக்கும்போது பேச முயல்வதைவிட எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு அதிகம். பழைய பட்டன் போன் ஒன்றில் சிம் போட்டு வைத்தால், அது ஒரே சார்ஜில் பல நாள் விழித்திருக்கும்.

பவர் பேங்கை வருடம் முழுக்க முழு சார்ஜில் வைத்தாலும் முற்றிலும் காலியாக விட்டாலும் கெட்டுப்போகும். பாதிக்குச் சற்று மேல் வைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை பாருங்கள். புயல் சின்னம் உருவானதாகச் செய்தி வந்ததும் முழுக்க ஏற்றுங்கள். பைக்கில் சார்ஜர் மாட்டியிருந்தால் இன்ஜினைத் திறந்த வெளியில் மட்டும் ஓட விடுங்கள். ஜெனரேட்டரும் அப்படியே. வராந்தாவில் ஓட்டினாலும் புகையின் நச்சு வாயு வீட்டுக்குள் தேங்கி உயிரைக் குடிக்கும். அதற்கு மணமும் இல்லை.

செல் போடுகிற டார்ச்சில் செல்லைப் போட்டே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். செல்லை வெளியே எடுத்து டார்ச்சின் மேலேயே ட்யூப் வளையத்தால் கட்டிவிடுங்கள். இருட்டில் பொருத்துவது கஷ்டம் என்றால், செல்லுக்கும் முனைக்கும் இடையே தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள், இழுத்ததும் எரியும்.

அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் போனின் விளக்கை மேல்நோக்கி வைத்து, அதன் மேல் தண்ணீர் நிறைந்த ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்துங்கள். தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டால் ஒளி இன்னும் பரவும். மெழுகுவத்தியைவிட இது எவ்வளவோ பத்திரம்.

கேள்வி: அம்மா இன்சுலின் போடுகிறார். ஃப்ரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம், எதில் எடுத்துப் போவது?
– வாசகி, சிதம்பரம்

பதில்: பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குள் இருந்தால் வெளியே சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்துப் பெட்டியில் உள்ள சீட்டில் அந்த வகைக்கான நாள் கணக்கு இருக்கும். அதைப் பார்த்து, வெளியே எடுத்த தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். புயல் மழை நாளில் வெப்பம் தானாகவே 30-க்குக் கீழேதான் இருக்கும். மழை விட்டு வெயில் ஏறும்போதும், மூடிய காரில் வைக்கும்போதும்தான் கெடும்.

எடுத்துப்போக ஃபிளாஸ்க் நல்லது. குளிர்ந்த தண்ணீரால் அலசி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, இன்சுலினைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஐஸ் கட்டியை ஒட்டி வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஈரமணலில் பானைக்குள் பானை வைக்கும் முறை வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். மழைக்காலக் காற்றில் ஈரம் ஆவியாகாது என்பதால் பெரிய பலன் இல்லை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே விடுங்கள், வெளிக்காற்று பட்டால் தவறான அளவு காட்டும். சாப்பாடு தள்ளிப்போகிற நாட்களில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தனிப் பொட்டலமாக இடுப்புப் பையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு சேமிப்பது? 20 லிட்டர் கேன் இரண்டு போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறையாமல் வேண்டும். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். கணக்குக்கு இரண்டு கேன் போதும். ஆனால் 20 கிலோக் கேனை வெள்ளத்தில் யாரும் தூக்க முடியாது. ஒரு கேனும், மீதியை ஒரு லிட்டர் பாட்டில்களாகவும் வைத்தால் கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் வந்த கேனில் ஊற்றாதீர்கள்; எவ்வளவு தேய்த்தாலும் சிக்கு வாடை போகாது.

வெள்ளம் ஏறி இறங்கிய கிணறு, கைப்பம்புத் தண்ணீரை நான்கு மடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையிலேயே இருக்கும். போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். கலங்கலான தண்ணீரில் குளோரின் சேற்றோடு சேர்ந்தே தீர்ந்துவிடும். முதலில் வடிகட்டச் சொல்வது அதனால்தான். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள்.

கேள்வி: சமைக்காமல் சாப்பிட என்ன எடுத்து வைப்பது?
– வாசகி, சீர்காழி

பதில்: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, கடலை மிட்டாய். அவல் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறினால் போதும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுங்கள். பெரிய பையைத் திறந்து திறந்து மூடினால் நமுத்துவிடும். காரமும் உப்பும் தூக்கலான மிக்சர், சிப்ஸ் வேண்டாம், இருக்கிற தண்ணீரைக் குடித்துத் தீர்க்க வைக்கும்.

கேள்வி: எங்கட வீட்டில ஏழு வயதிலும் நாலு வயதிலும் ரெண்டு பிள்ளைகள். 78ஆம் ஆண்டுச் சூறாவளியப் பற்றி அம்மம்மா இன்னும் சொல்லுவா. பிள்ளைகளுக்கெண்டு தனியாப் பை கட்டிக் குடுக்கலாமா? கூட்டத்தில கை தவறிப் போனா எண்டதுதான் பெரிய பயம்.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், ஒன்றரைக் கிலோவுக்குள். ஒரு உடுப்பு, சின்னத் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், பிடித்த விளையாட்டுப் பொருள் ஒன்று. நாலு வயதுப் பிள்ளைக்குப் பை வேண்டாம், விசில் மட்டும் போதும். உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசிலாகப் பார்த்து வாங்குங்கள்; உருண்டை போட்டது நனைந்தால் அடைத்துக்கொள்ளும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. உதவி கேட்கிற அடையாளம் இது. விளையாட்டாகவே பழக்கிவிடுங்கள். விசிலைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டாதீர்கள், எதிலாவது மாட்டி இறுக்கும். சட்டைப் பொத்தானில் கட்டிவிடுங்கள்.

வெள்ளை நாடாத் துண்டில் அழியாத மையால் பிள்ளையின் பெயர், இரத்த வகை, இரண்டு தொலைபேசி எண் எழுதிச் சட்டையின் உள்மடிப்பில் தையுங்கள். இரண்டில் ஒன்று வேறு ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். உங்கள் போனும் அதே வெள்ளத்தில் நனைந்திருக்கலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றை அச்செடுத்து உங்கள் இடுப்புப் பையில் வையுங்கள். முகாமில் “இது என் பிள்ளை” என்று காட்ட உதவும். தண்ணீரில் போகும்போது பிள்ளையை உங்களோடு கயிற்றால் பிணைக்க வேண்டாம்.

இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, ஆம்புலன்ஸுக்கு 1990. தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108.

கேள்வி: வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை என்ன செய்வது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கட்டிப்போட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் காஸோடு சேர்த்து 30 கிலோ கனம்தான் இருக்கும். உள்கொள்ளளவே 33 லிட்டர் என்பதால் நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். மிதந்து இடித்து, ட்யூபைப் பிய்த்துக்கொண்டால் வீடு முழுக்கக் காஸ். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் கழுத்தில் தொங்குகிற மூடியை அழுத்திப் பூட்டி, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் நிமிர்த்திக் கட்டுங்கள். திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டபிறகே சுவிட்சில் கை வையுங்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் எலெக்ட்ரீஷியன் பார்க்குமுன் மெயினைப் போடவே வேண்டாம்.

கேள்வி: காரில் என்ன வைக்கலாம்?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் சீட் பெல்ட் அறுக்கும் கத்தியும், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில். டிக்கியில் இருந்தால் பயனில்லை. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் பொலபொலவென்று உதிரும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படி இருக்கும். கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பதை இப்போதே பார்த்து வையுங்கள்.

கேள்வி: கட்டிய பையை எங்கே மாட்டுவது, எப்போது பிரித்துப் பார்ப்பது?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: மாடிப்படிக்கோ வாசலுக்கோ போகிற வழியில், தோள் உயரத்தில், சுவரில் உறுதியான கொக்கி அடித்து மாட்டுங்கள். பீரோவுக்குள் வைத்தால் சாவி தேட வேண்டும். கட்டிலுக்கடியில் வைத்தால் முதலில் நனைவது அதுதான். வருடத்துக்கு இரண்டு முறை பிரித்துப் பாருங்கள். சித்திரை முதல் நாளும் ஆடிப்பெருக்கும் என்று வைத்துக்கொண்டால் தேதி மறக்காது. மாத்திரை, அவல், பாட்டில் தண்ணீரை மாற்றுங்கள். பிள்ளைகளின் உடுப்பு அளவு சரியா என்று பாருங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒவ்வொருவரும் பைக்குள்ளிருந்து டார்ச்சையும் மருந்தையும் எடுக்கட்டும். யாருக்காவது அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுக்கிய வரிசையை மாற்றுங்கள்.

கேள்வி: அகல டேப்பைப் பாட்டிலில் சுற்றி வைத்தால் இடம் மிச்சமாகும் என்று படித்தேன். செய்யலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் ஊர் வெயிலுக்கு வேண்டாம். பசை உருகி ஓரத்தில் வழிந்து, பாட்டிலும் பையும் ஒட்டிக்கொள்ளும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையில் 2 மீட்டர் தட்டையாகச் சுற்றி, மேலே பட்டர் பேப்பரால் மூடிச் சின்னக் கவரில் போட்டு வையுங்கள். முனையை உள்பக்கமாக ஒரு விரற்கடை மடித்து ஒட்டினால், ஈரக் கையாலும் பிடித்து உரிக்கலாம்.